பூட்டிய அறைக்குள் ஒரு பெட்டி

நேயர்களுக்கு வணக்கம்.

கண்ணெதிரே ஒருவர் சரிந்து விழுகிறார். தோளைத் தட்டிக் கூப்பிட்டாலும் பதில் இல்லை. மூச்சு மட்டும் விட்டு விட்டு, குறட்டைபோல் இழுக்கிறது. 'மூச்சு இருக்கிறதே' என்று பலர் கைகட்டி நின்றுவிடுவது இங்கேதான். அதை மூச்சென்று நம்பாதீர்கள். இதயம் கைவிட்டபின் மூளைத்தண்டு எழுப்பும் வெறும் இழுப்பு அது.

அந்த முதல் நிமிடங்களில் பலருக்கு இதயம் முழுதாக நின்றிருக்காது. கீழறைகள் தாளம் கெட்டு வெறுமனே நடுங்கிக்கொண்டிருக்கும். ரத்தம் வெளியே போகாது. மார்பில் மின்சார ஷாக் கொடுப்பது இந்தக் குழப்பத்தை ஒரேயடியாக அடக்கத்தான். அடங்கினால், இதயம் தன் சொந்தத் தாளத்தை மறுபடி பிடிக்க வாய்ப்பு உண்டு. சினிமாவில் திரையில் நேர்கோடு ஓடும்போது ஷாக் கொடுப்பார்களே, அதில் பயனில்லை. நேர்கோட்டுக்கு ஷாக் கிடையாது.

மார்பை அழுத்தாமல், ஷாக்கும் கொடுக்காமல் கழியும் ஒவ்வொரு நிமிடத்துக்கும் பிழைக்கும் வாய்ப்பு 7 முதல் 10 சதவீதம் குறைகிறது. ஆம்புலன்ஸ் எவ்வளவு விரைந்தாலும் இந்தக் கணக்கை வெல்வது கடினம். 1965-இல் பெல்ஃபாஸ்டில் டாக்டர் ஃபிராங்க் பான்ட்ரிட்ஜ், இந்த ஷாக்கைக் கொடுக்கும் டிஃபிப்ரிலேட்டர் கருவியை, கார் பேட்டரியில் ஓடும்படி செய்து ஆம்புலன்ஸில் ஏற்றினார். எடை சுமார் 70 கிலோ. இன்று சுவரில் தொங்கும் ஏ.இ.டி.யை, அதாவது தானியங்கி ஷாக் பெட்டியை, ஒரு கையில் தூக்கிக்கொண்டு ஓடலாம்.

யார் வேண்டுமானாலும் இயக்கலாமா என்று கேட்பார்கள். அமெரிக்கச் சூதாட்ட விடுதிகளில் காவலாளிகளுக்குப் பயிற்சி கொடுத்துப் பார்த்தார்கள். 2000-இல் முடிவு வெளியானது. பிறர் கண்ணெதிரே விழுந்து, இதயம் இப்படி நடுங்கிக்கொண்டிருந்தவர்களில், 3 நிமிடத்துக்குள் ஷாக் கிடைத்தோரில் 74 சதவீதம் பேர் பிழைத்தார்கள். அதற்குமேல் தாமதமானவர்களில் 49 சதவீதம். சூதாட்ட விடுதியில் எல்லோர் மேலும் கேமரா கண் இருக்கும், விழுந்தால் உடனே தெரிந்துவிடும் என்பதும் உண்மை. அதனால்தான் எல்லா இடத்திலும் இதே எண்ணிக்கை வரும் என்று நான் சொல்லமாட்டேன்.

பெட்டியைத் திறந்து சுவிட்சைப் போட்டால் அதுவே பேசும். ஈரம் இருந்தால் மார்பைத் துடைத்துவிட்டு, ஷாக்கைச் செலுத்தும் ஒட்டுப் பட்டைகளான இரண்டு பேட்களில் ஒன்றை வலது காறை எலும்புக்குக் கீழும், இன்னொன்றை இடது அக்குளுக்குக் கீழே பக்கவாட்டிலும் ஒட்ட வேண்டும். விழுந்தவர் பெண் என்றால் ஆடையை விலக்கத் தயங்குகிறார்கள். தயங்காதீர்கள், பேட் தோலில்தான் ஒட்ட வேண்டும். இதயத் தாளத்தை ஆராய்வது கருவியின் வேலை. தேவையில்லை என்றால், நீங்கள் பட்டனை எத்தனை முறை அமுக்கினாலும் ஷாக் போகாது. ஷாக் கொடுக்கும்போது யாரும் அவரைத் தொடக்கூடாது. கொடுத்த மறுநொடியே மறுபடி மார்பை அழுத்தத் தொடங்குங்கள், நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை.

ஆக, இயக்குவது பெரிய விஷயமில்லை. பெட்டி கைக்கு எட்டுகிறதா என்பதுதான் விஷயம். மேலாளர் அறைக்குள் வைத்துப் பூட்டிவிட்டு, 'எங்களிடம் ஏ.இ.டி. இருக்கிறது' என்று வாசலில் எழுதுகிறார்கள். மாலை ஆறு மணிக்கு மேலாளர் போனால் சாவியும் போய்விடும். திருடு போகும் என்று பயமாம். போனால் இன்னொன்று வாங்கலாம்.

அப்புறம், பேடுக்கும் பேட்டரிக்கும் காலாவதித் தேதி உண்டு. பேடில் உள்ள பசை காய்ந்தால் தோலில் சரியாகப் பிடிக்காது. ஒரு நிறுவனத்தில் பயிற்சி கொடுக்கப் போனபோது பெட்டியைத் திறந்து பார்த்தேன். பேட் காலாவதியாகி இரண்டு வருடம் ஆகியிருந்தது. பொறுப்பாளரிடம் கேட்டேன். "தினமும் கண்ணாடியைத் துடைக்கச் சொல்லியிருக்கேனே சார்" என்றார். கண்ணாடி பளபளவென்றுதான் இருந்தது.