எண்ணெய்த் தொட்டிகளுக்கு நடுவே ஒரு ப்ளூஸ்

நேயர்களுக்கு வணக்கம்.

லண்டனுக்குக் கிழக்கே, தேம்ஸ் ஆறு கடலோடு கலக்கும் இடத்தில் கான்வி என்று ஒரு சின்னத் தீவு இருக்கிறது. 17-ஆம் நூற்றாண்டில் டச்சுக்காரர்கள் வந்து கரை எழுப்பி மீட்ட சேற்று நிலம். 1953 ஜனவரி 31-ஆம் தேதி இரவு கடல் அந்தக் கரையை உடைத்துக்கொண்டு உள்ளே வந்தது. அந்த ஒரு தீவில் மட்டும் 50 பேருக்கு மேல் இறந்துபோனார்கள். அப்போது அங்கே ஐந்து வயதுச் சிறுவனாக இருந்தவர்தான் பின்னாளில் வில்கோ ஜான்சன் என்ற பெயரில் கிட்டார் வாசித்தவர்.

இங்கிலாந்தின் தனித்துவமான ரிதம் அண்ட் ப்ளூஸ் குழுக்களில் ஒன்று 1971-ல் இந்தத் தீவிலிருந்துதான் கிளம்பியது. பெயர் டாக்டர் ஃபீல்குட். பாடியவர் லீ பிரில்லோ. பேஸ் கிட்டார் ஜான் ஸ்பார்க்ஸ், டிரம்ஸ் ஜான் மார்ட்டின். வில்கோ ஆங்கில இலக்கியம் படித்தவர். படிப்பு முடிந்ததும் தரைவழியாகவே இந்தியா வரை வந்து சுற்றிவிட்டு, ஊர் திரும்பிப் பள்ளிக்கூட ஆசிரியராக வேலை பார்த்தவர்.

ப்ளூஸ் அமெரிக்கக் கறுப்பின மக்களின் இசை. அதை இரவல் வாங்கிய வெள்ளைக்கார இளைஞர்கள் பலர், அந்த இசை வளர்ந்த அமெரிக்க மாநிலமான மிசிசிப்பியில் பிறந்தவர்கள் போலவே பாடப் பார்த்தார்கள். வில்கோ தன் ஊரைப் பார்த்து எழுதினார். எண்ணெய்த் தொட்டிகள், சுத்திகரிப்பு ஆலையில் ராத்திரி முழுக்க எரியும் தீ, சேறு, படகுத்துறை. அவர்களுடைய முதல் ஆல்பத்தின் பெயரிலேயே அந்தத் துறை இருக்கிறது: 'டவுன் பை தி ஜெட்டி', 1975. இடது, வலது என்று ஒலியைப் பிரித்துத் தரும் ஸ்டீரியோவுக்கு எல்லோரும் போய்விட்ட காலத்தில், எல்லா ஒலியும் ஒன்றாகவே வரும் மோனோவில் அதை வெளியிட்டார்கள். இன்று கேட்டாலும் நான்கு பேரும் ஒரே சின்ன அறையில் நம் முன்னால் நின்று வாசிப்பதுபோல இருக்கும்.

வில்கோவின் வலது கையைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். கையில் பிக், அதாவது கம்பியை மீட்டும் சின்னத் தகடு, கிடையாது. விரல்களாலேயே கம்பிகளை அடிப்பார். பல சுரங்கள் சேர்ந்து ஒலிக்கும் கார்டுகளை வெட்டி வெட்டி அடித்துக்கொண்டே, அந்த அடிகளுக்கு நடுவில் மெட்டையும் நுழைத்துவிடுவார். இரண்டு பேர் செய்யும் வேலையை ஒரு கை செய்யும். ஜானி கிட் என்ற பழைய ஆங்கில ராக் பாடகரின் குழுவில் கிட்டார் வாசித்த மிக் கிரீனின் வாசிப்பைக் கேட்டுக் கேட்டுப் பழகிய வித்தை அது. வாசிக்கும்போது முறைத்த கண்ணோடு மேடையில் முன்னும் பின்னும் தண்டவாளத்தில் ஓடுவதுபோல ஓடுவார். பக்கத்திலேயே அழுக்கேறிய வெள்ளை கோட்டில், கையில் ஹார்மோனிகாவோடு லீ நிற்பார். அந்த இருவருக்கும் இடையே இருந்த இறுக்கம்தான் இந்தக் குழுவின் உயிர் என்பது என் எண்ணம்.

லண்டன் மதுக்கடைகளில் வாசித்துப் பெயர் வாங்கியவர்கள் இவர்கள். 1976-ல் இவர்களுடைய மேடைப் பதிவு 'ஸ்டுபிடிட்டி' பிரிட்டனின் ஆல்பம் பட்டியலில் முதலிடம் பிடித்தது. கால் மணி நேரத் தனி வாசிப்புகளைக் கேட்டுச் சலித்துப் போயிருந்த இளைஞர்களுக்கு, மூன்று நிமிடத்தில் பளிச்சென்று முடியும் பாட்டு போதும் என்று இவர்கள் காட்டினார்கள். பின்னால் வந்த, வேகமும் முரட்டுத்தனமும் கொண்ட பங்க் இசைக்கு வழி விட்டவர்களில் இவர்களுக்குப் பெரிய இடம் உண்டு.

ஆனால் 1977-லேயே வில்கோ பிரிந்துவிட்டார். சேர்ந்து இருந்தது ஆறே வருஷம்! அதற்குப் பிறகும் லீ குழுவை நடத்தினார், 1979-ல் ஒரு பாட்டு முதல் பத்துக்குள்ளும் வந்தது. 1994-ல் புற்றுநோய் அவரைக் கொண்டுபோனபோது வயது 41.

வில்கோவுக்கும் புற்றுநோய் வந்தது. பிழைக்க மாட்டார் என்று 2013-ல் சொல்லிவிட்டார்கள். கீமோ வேண்டாம் என்று மறுத்து, ஊர் ஊராகப் போய் வாசித்து விடைபெற்றார். அப்புறம் 2014-ல், கேம்பிரிட்ஜில் நடந்த அறுவை சிகிச்சையில் மூன்று கிலோ கட்டியை அகற்றினார்கள். மேலும் எட்டு வருஷம் இருந்தார். 2022 நவம்பரில் காலமானார்.

இப்போது அந்த 1975 ஆல்பத்தின் முதல் பாட்டைக் கேட்கப் போகிறோம். கேட்கும்போது கிட்டாரை மட்டும் பிடித்துக்கொண்டு போங்கள். ஒரே ஒரு கிட்டார்தான், ஒரே ஒரு கைதான்.

வணக்கம்.