சரக்கை எண்ணிவிட்டுத் தீம் தேடுங்கள்

நேயர்களுக்கு அன்பான வணக்கம்.

ஹட்டன், தலவாக்கலை, பண்டாரவளைப் பக்கமெல்லாம் நம் பிள்ளைகள் இப்போது ஒன்லைனில் கடை போடுகிறார்கள். ஒருவர் தேயிலைத் தூள் விற்கிறார், இன்னொருவர் கம்பளித் தொப்பி பின்னி விற்கிறார், டவுனில் புடவைக் கடை வைத்திருக்கும் குடும்பமும் வருகிறது. பார்க்கவே சந்தோஷமாக இருக்கிறது. ஆலோசனை கேட்டு வருகிறவர்கள் அநேகமாக முதலில் கேட்பது, "எந்தத் தீம் அழகாக இருக்கும்?" என்றுதான். "உங்களிடம் எத்தனை சாமான் இருக்கிறது?" என்று நான் திருப்பிக் கேட்பேன்.

ஒன்லைன் கடை நடத்த உதவும் ஷொப்பிஃபையிலோ வூகொமர்ஸிலோ கடை திறந்தால், பக்கங்கள் கண்ணுக்கு எப்படித் தெரிய வேண்டும் என்பதைத் தீம்தான் தீர்மானிக்கிறது. பத்துச் சாமானுக்குச் செய்த தீம் ஐந்நூறு சாமானுக்குச் சரிவராது. ஐந்நூறுக்குச் செய்தது பத்துக்கும் சரிவராது.

தேயிலையை எடுத்துக்கொள்வோம். நாலாயிரம் அடிக்கு மேலே விளைந்த தூள், ஊவாவில் ஜூலை முதல் செப்டெம்பர் வரை காற்றடிக்கும் பருவத்தில் கிடைக்கும் தனி வாசனை, இதெல்லாம் நமக்குத் தெரியும். கொழும்பிலோ வெளிநாட்டிலோ இருந்து வாங்குகிறவருக்குத் தெரியாது. நாலைந்து வகைத் தூள் மட்டும் விற்கிறவருக்குப் பெரிய படமும், பக்கத்திலேயே நாலு பத்தி எழுத இடமும் உள்ள தீம் வேண்டும். எந்தத் தோட்டம், எந்த உயரம், சாயம் எப்படி, பால் ஊற்றலாமா என்று சொல்ல வேண்டும் அல்லவா? அதை விட்டுவிட்டு, இடப்பக்கம் விலை, வகை பார்த்துச் சாமானைப் பிரித்துக் காட்டும் வடிகட்டிப் பட்டை, வரிசை வரிசையாகச் சின்னக் கட்டங்கள் என்று இருக்கும் தீமைப் போட்டால், முதல் வரிசையோடு சாமான் முடிந்து கீழே வெறுமையாகக் கிடக்கும். மூடப்போகும் கடை மாதிரித் தோன்றும்.

எண்ணுவதிலும் ஒரு விஷயம் இருக்கிறது. நாலு தோட்டத்துத் தூள், ஒவ்வொன்றிலும் பி.ஓ.பி., பி.ஓ.பி.எஃப்., ஓ.பி. என்று மூன்று ரகம், ஒவ்வொரு ரகத்திலும் 100, 250, 500 கிராம் பக்கெட். மொத்தம் 36 என்று எண்ணிப் பெரிய கடைக்கான தீமைத் தேடுகிறவர்கள் உண்டு. எடை மாறினால் தூள் மாறுவதில்லை. எடையை ஒரே பக்கத்துக்குள் தெரிவு செய்யும் பொத்தானாக வைத்துவிடலாம். ரகம் மாறினால் இலையின் அளவும் சாயமும் விலையும் மாறும், ஆகவே ரகத்துக்கு ஒரு பக்கம் கொடுப்பதுதான் நல்லது என்பது என் கருத்து. இப்போது 12 பக்கம்தான். சிறிய கடைக்கான தீம் தாராளமாகப் போதும்.

புடவைக் கடைக்குக் கணக்கு வேறு. ஒவ்வொரு சேலையும் தனிச் சாமான், பல சேலைகளில் ஒரே ஒன்றுதான் இருக்கும். அங்கே தேடும் பெட்டி மேலேயே தெரிய வேண்டும். நிறம், துணி, விலை பார்த்து வடிகட்ட முடிய வேண்டும். போனில் இரண்டு இரண்டாகப் படம் வர வேண்டும். ஒரு சேலை திரையை முழுக்க அடைத்தால், ஐம்பதாவது சேலை வரைக்கும் யார் விரலால் தள்ளிக்கொண்டு போவார்கள்? அப்புறம், விற்றுப்போன சேலையைப் பின்னால் தள்ளவோ மறைக்கவோ வழி இருக்கிறதா என்றும் பாருங்கள்.

தீமின் மாதிரிக் கடையைப் பார்த்து மயங்காதீர்கள். அந்தப் படங்களை எடுத்தவர்கள் தொழில்முறைப் படப்பிடிப்பாளர்கள். உங்கள் சொந்தப் படங்களைப் போட்டுப் பாருங்கள். ஷொப்பிஃபையில் காசு கொடுக்கும் தீமையும் வாங்குவதற்கு முன்னால் உங்கள் கடையில் போட்டுப் பார்க்க முடியும். 2021இல் வந்த டோன் என்ற தீம் இலவசம். வூகொமர்ஸுக்கு ஸ்டோர்ஃபிரண்ட் இலவசம். தொடங்குகிறவருக்கு இவை போதும், பணத்தைப் பக்கெட்டுக்கும் நல்ல படத்துக்கும் செலவழியுங்கள்.

முகப்பில் வீடியோ ஓடும் தீம் நம் பக்கத்துக்கு வேண்டாம் என்றே சொல்வேன். வை-ஃபை இல்லாமல், போன் டேட்டாவில், சிக்னல் குறைந்த லயத்துப் பக்கம் போய் நின்று உங்கள் கடையைத் திறந்து பாருங்கள். படம் வரத் தாமதமானால் வாங்க வந்தவர் காத்திருக்க மாட்டார்.

இன்னும் ஒரு வருஷத்தில் எத்தனை சாமான் சேரும் என்பதையும் நினைத்துப் பாருங்கள். அதற்கு மேல் இப்போதே யோசிக்க வேண்டியதில்லை. பின்னால் தீமை மாற்றினாலும் சாமான், விலை, வந்த ஓடர் எல்லாம் அப்படியே இருக்கும். முகப்பில் அடுக்கிய படங்களையும் எழுத்தையும்தான் திரும்ப அடுக்க வேண்டிவரும். அதற்கு இரண்டு மூன்று நாள் ஒதுக்கி, புதிய தீமைத் திரைமறைவில் தயார்செய்துவிட்டு, ஓடர் குறைவாக வரும் நாளில் மாற்றிக்கொள்ளுங்கள்.

நன்றி, வணக்கம்.