கதவு சாத்தியபின் கேட்ட கேள்வி

நேயர்களுக்கு என் அன்பான வணக்கம்.

அரசு மருத்துவமனை ஒன்றில், வயிறு குடல் பிரிவின் ஓ.பி. வாசலில் 22 வருடம் செவிலியராக நின்றவள் நான். உள்ளே டாக்டர், வெளியே வரிசை, நடுவில் நான். நோயாளி உள்ளே போய், "நெஞ்செரியுது, சாப்பிட்டா உப்புசமா இருக்கு" என்று சொல்லுவார். சீட்டை வாங்கிக்கொண்டு வெளியே வருவார். கதவு சாத்தினதும் என் கையைப் பிடித்துக்கொள்வார். "சிஸ்டர், இது அந்த வியாதியா இருக்குமோ?" என்று குரலே எழும்பாமல் கேட்பார். பத்து நாளாக அவரைத் தூங்கவிடாத கேள்வி அது. அதை மட்டும் உள்ளே கேட்காமலே வந்திருப்பார்.

தேதி வாங்கிய நாளுக்கும் டாக்டரைப் பார்க்கிற நாளுக்கும் நடுவில் கிடக்கிற அந்தப் பத்துப் பதினைந்து நாளைப் பற்றித்தான் இன்று பேச வந்திருக்கிறேன்.

பயந்தால் வயிறு கலங்குகிறது என்கிறோம். வயிற்றில் புளியைக் கரைத்தது என்கிறோம். நல்ல செய்தி வந்தால் வயிற்றில் பால் வார்த்தாய் என்கிறோம். நம் முன்னோர் சும்மா சொல்லி வைக்கவில்லை. குடலைச் சுற்றிக் கோடிக்கணக்கான நரம்பணுக்கள் இருக்கின்றன. குடலையும் மூளையையும் இணைக்கிற வேகஸ் நரம்பில் பெரும்பாலான இழைகள் வயிற்றிலிருந்து மேலே சேதி கொண்டுபோகிறவை. மனசு பதறினால் குடல் அசைவு மாறும்; குடல் புரண்டால் மனசு இன்னும் பதறும். ஆகவே தேதி வாங்கிய மறுநாளே வலி கூடிவிட்டது என்றால், நோய் முற்றிவிட்டது என்று அர்த்தமாகாது. வலி கற்பனை என்றும் அர்த்தமாகாது. வலி நிஜம். பயம் அதைப் பெருக்கிக் காட்டுகிறது.

"நீ கவலைப்பட்டே அல்சரை வரவழைச்சுக்கிட்டே" என்று வீட்டில் சொல்லுவார்கள். அந்தப் பழியையும் சுமக்க வேண்டாம். இரைப்பைப் புண் பலருக்கும் ஹெலிகோபாக்டர் பைலோரி என்ற கிருமியால் வருகிறது. ஆஸ்திரேலிய டாக்டர் பாரி மார்ஷல் 1984-ல் அந்தக் கிருமியைத் தானே குடித்து, தன் இரைப்பையில் அழற்சி வந்ததைக் காட்டினார். கூடச் சேர்ந்து அந்தக் கிருமியைக் கண்டுபிடித்த ராபின் வாரனுக்கும் அவருக்கும் 2005-ல் நோபல் பரிசு கிடைத்தது. புண்ணுக்கு இன்னொரு பெரிய காரணம், மூட்டுவலிக்கும் தலைவலிக்கும் நாமாகக் கடையில் வாங்கிப் போடுகிற வலி மாத்திரை.

பயத்தில் மனிதர்கள் செய்கிற ஒரு காரியம் எனக்கு ரொம்ப வருத்தம் தரும். ஒரு விவசாயி, ஐம்பது வயசுக்காரர், வேட்டியை லேசாக விலக்கி அரைஞாண் கயிற்றைக் காட்டினார். இரண்டு விரல் தாராளமாக உள்ளே போனது. "இளைச்சுட்டேம்மா, உருகிப் போறேன்" என்று கண் கலங்கினார். என்ன சாப்பிடுகிறீர்கள் என்று கேட்டேன். காரம் கூடாது என்று குழம்பை நிறுத்தியிருக்கிறார். பருப்பு வாயு என்று அதையும். ராத்திரிச் சாப்பாடும் போயிற்று. பதினெட்டு நாளாகக் கஞ்சி, மோர், இரண்டு ரஸ்க். யாருக்குத்தான் இளைக்காது? காரணமில்லாமல் எடை குறைவதை டாக்டர்கள் முக்கியமான அறிகுறியாக எடுத்துக்கொள்வார்கள். நீங்களே பட்டினி கிடந்து இளைத்துவிட்டு அதைச் சொல்லாமல் விட்டால், உங்களுக்கும் பயம், டாக்டருக்கும் குழப்பம். ஒத்துவராத ஒன்றிரண்டை விடுங்கள், சாப்பாட்டை விடாதீர்கள்.

வயிற்றை அழுத்தி அழுத்திப் பார்ப்பதும் அப்படித்தான். நாளுக்கு நாற்பது முறை அழுத்தினால் எந்த வயிறும் வலிக்கும். ராத்திரி இரண்டு மணிக்கு போனில் தேடுவதைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை.

ஆனால் தேதிக்காகக் காத்திருக்கக் கூடாதவை உண்டு. ரத்த வாந்தி, தார் மாதிரிக் கறுப்பாக மலம், மலத்தோடு நிறைய ரத்தம், தாங்க முடியாத வயிற்றுவலி, தண்ணீர்கூட இறங்காமல் அடைப்பது. இவற்றுக்கு அன்றைக்கே போக வேண்டும். இன்னொன்றையும் அழுத்திச் சொல்கிறேன். நெஞ்சை அடைத்து, வியர்த்துக் கொட்டி, வலி தோளுக்கோ கைக்கோ தாடைக்கோ போனால், "வாயுப் பிடிப்பு" என்று சோடா குடித்துப் படுக்காதீர்கள். 108-ஐக் கூப்பிடுங்கள்.

எனக்கும் இது வந்தது. 51 வயதில் மேல்வயிற்றில் எரிச்சல், விடியற்காலை மூன்று மணிக்கு எழுப்பிவிடும். தேதிக்குப் பதினோரு நாள் இருந்தது. அத்தனை பேருக்குத் தைரியம் சொன்னவள், பாத்ரூமில் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். ஏனென்றால் என் அம்மா இரைப்பைப் புற்றுநோயில் போனவர்.

நாலாம் நாள், தினசரி காலண்டரில் கிழித்த தாளின் பின்பக்கத்தில் எழுத உட்கார்ந்தேன். எப்போது ஆரம்பித்தது, சாப்பிட்டால் கூடுகிறதா குறைகிறதா, மலம் என்ன நிறம், தராசில் ஏறிப் பார்த்த எடை எவ்வளவு. என்னென்ன மாத்திரை, லேகியம், சூரணம் உட்பட. இரும்புச்சத்து மாத்திரை போட்டாலே மலம் கறுக்கும், அதனால் எதையும் விடக் கூடாது. கடைசி வரியை எழுதத்தான் கை வரவில்லை. ரொம்ப நேரம் கழித்து எழுதினேன்: "அம்மாவுக்கு வந்தது எனக்கும் வந்துவிட்டதோ என்று பயம்."

அன்றைக்குத்தான் புரிந்தது. வாசலில் என் கையைப் பிடித்தவர்கள் எல்லோருடைய பயத்துக்கும் பின்னால் ஒருவர் இருந்தார். அப்பா, அண்ணன், கூட வேலை பார்த்தவர். ரத்த சொந்தம் என்றால் டாக்டருக்கு அது கட்டாயம் தெரிய வேண்டிய தகவல். அதைப் பயம் என்று நினைத்து, வெட்கப்பட்டு, வெளியிலேயே வைத்துவிட்டுப் போகிறோம்.

தாளை நீட்டினேன். டாக்டர் கடைசி வரிக்குக் கீழே கோடு போட்டு, "அம்மாவுக்கு அப்ப என்ன வயசு?" என்று கேட்டுக் குறித்துக்கொண்டார். மறு வாரமே ஸ்கோப்பு, அதாவது வாய் வழியாகக் கேமரா வைத்த குழாயை விட்டு இரைப்பையைப் பார்க்கிற சோதனை. தொண்டையில் கசப்பாக ஒரு ஸ்ப்ரே அடித்தார்கள், நாக்கு தடித்த மாதிரி மரத்துப்போனது. குமட்டல் வந்தது, கண்ணில் நீர் வழிந்தது, சில நிமிடத்தில் முடிந்தது. சின்னப் புண், கிருமி இருந்தது. பதினான்கு நாள் மாத்திரை.

உங்களுக்கு வேறு முடிவு வரலாம், அதை நான் இங்கிருந்து சொல்ல முடியாது. ஆனால் இந்த வாரம் போகிறவர்கள் உள்ளே போனதும் அந்தக் கடைசி வரியை முதலில் சொல்லுங்கள். வாய் வரவில்லையென்றால் தாளை நீட்டுங்கள். ஸ்கோப்பு எழுதித் தந்தால், எத்தனை மணியிலிருந்து வெறும் வயிறு, அன்று காலை சர்க்கரை மாத்திரையோ ரத்தம் உறையாமல் இருக்கிற மாத்திரையோ போடலாமா என்று அங்கேயே கேட்டுக்கொள்ளுங்கள். துணைக்கு ஒருவரைக் கூட்டிப் போங்கள், அவரையும் கேட்கச் சொல்லுங்கள். பதற்றத்தில் டாக்டர் சொன்னதில் பாதி நம் காதில் விழாது.

வணக்கம்.