எந்தப் புள்ளி எந்த விமானத்துடையது?

நேயர்களுக்கு வணக்கம்.

ரேடார் திரையில் விமானமே ஊர்ந்து போவதாகப் பலரும் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். ரேடாருக்கு விமானம் தெரியாது, எதிரொலிதான் தெரியும். விமான நிலையத்தில் சுழலும் ஆன்டெனா ஏறத்தாழ 5 விநாடிக்கு ஒரு சுற்று வருகிறது. சுற்றுக்குச் சில புள்ளிகள் கிடைக்கின்றன. அவற்றில் விமானமும் இருக்கும். பறவைக் கூட்டமும் மழையும்கூட இருக்கும். தரையிலிருந்து கேட்டால் பயணிகள் விமானங்கள் தம் அடையாள எண்ணைச் சொல்லிவிடும். கேட்டாலும் பதில் சொல்லாதவற்றைப் பற்றித்தான் இன்றைய பேச்சு.

முந்தைய சுற்றுகளை வைத்து, ஒரு விமானம் அடுத்து எங்கே இருக்கும் என்று கணிக்கலாம். 1960இல் ருடால்ஃப் கால்மன் வெளியிட்ட, அளவீட்டுப் பிழைகளை வடிகட்டும் கணித முறை அதற்குக் கைகொடுக்கிறது. வந்த புள்ளியை யார் கணக்கில் எழுதுவது என்பதில்தான் வம்பு.

அருகில் இருப்பதை எடுத்துக்கொள்ளலாமே என்பீர்கள். எது அருகில்? ரேடார் தொலைவை நன்றாக அளக்கும், திசையில் தடுமாறும். 100 கிலோமீட்டருக்கு அப்பால் ஒரு டிகிரி பிசகினால் பக்கவாட்டில் 1,700 மீட்டருக்கு மேல் தள்ளிப்போகிறது. எனவே பக்கவாட்டில் ஒரு கிலோமீட்டர் விலகியதை மன்னிக்கலாம். தொலைவில் அதே அளவு விலகியதை மன்னிக்க முடியாது. இப்படிப் பிழையின் அளவுக்கேற்ப இடைவெளியை எடைபோடும் சூத்திரத்தை 1936இல் தந்தவர் நம் நாட்டுப் புள்ளியியலாளர் மகலனோபிஸ். மனித உடல் அளவுகளை ஒப்பிடுவதில் தொடங்கிய ஆராய்ச்சி அது! அந்த அளவுகோலில் எல்லை தாண்டிய புள்ளிகளை முதலிலேயே ஒதுக்கிவிடுவார்கள்.

மிஞ்சியவற்றிலும் அவசரம் கூடாது. இரண்டு விமானங்கள், இரண்டு புள்ளிகள். முதல் விமானத்துக்கு முதல் புள்ளி 3 அலகு தள்ளி, இரண்டாவது 4. இரண்டாம் விமானத்துக்கு முறையே 4, 10. மிக நெருங்கியது என்று 3ஐ எடுத்தால், மற்றதன் தலையில் 10 விழுகிறது, கூட்டினால் 13. மாற்றிக் கொடுத்தால் நான்கும் நான்கும் எட்டு. ஆகவே எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்தே பங்கிட வேண்டும். பத்துக்குப் பத்து என்றால் 36,28,800 வழிகள். அத்தனையையும் சோதிக்காமலே சிறந்த பங்கீட்டைக் கண்டுபிடிக்க 1955இல் ஹெரால்ட் கூன் வழி சொன்னார். ஹங்கேரிய முறை என்பார்கள்.

ஆனால் இரண்டு விமானங்கள் குறுக்கே கடக்கும்போது இதுவும் ஏமாறும். அந்த நேரத்துப் புள்ளிகளில் விடையே இருக்காது. புள்ளிகளை நிகழ்தகவுப்படி இருவருக்கும் பகிர்ந்துகொடுக்கும் முறையும் உண்டு. ஒட்டிப் பறக்கும் இரண்டு பாதைகளை அது நடுவில் இழுத்து ஒன்றாக்கிவிடும் என்பதால் எனக்கு அதில் அவ்வளவு பிடிப்பில்லை. 1979இல் டொனால்ட் ரீட் சொன்னது எனக்கு உவப்பானது: இப்போது தீர்ப்புச் சொல்லாதே. கடந்துபோனார்களா, திரும்பிப் போனார்களா என்ற இரண்டு ஊகத்தையும் வைத்துக்கொள். அடுத்த சுற்றுகள் சொல்லட்டும்.

ஊகங்கள் சுற்றுக்குச் சுற்று பெருகும். தேறாதவற்றைக் கழித்துக்கொண்டே வர வேண்டும். கணினிக்கு அது பெரும் சுமை. பாதைகள் நெருங்கும் இடத்தில் மட்டும் அந்தச் செலவைச் செய்தால் போதும். விலகிப் பறப்பவற்றுக்கு ஹங்கேரிய முறையே தாராளம்.

நன்றி, வணக்கம்.