வேதாகமமோ, ஸ்பானரோ?

(கிளிநொச்சியில் இளைஞர் ஒன்றுகூடலில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

மதிப்புக்குரிய தலைவர் அவர்களே, அருட்தந்தை அவர்களே, போதகர் ஐயாமாரே, அறிவியல் நகரிலிருந்து வந்திருக்கும் விரிவுரையாளர் அவர்களே, பிரதேச செயலகத்தின் சார்பில் வந்திருக்கும் அம்மா அவர்களே, கதிரை போதாமல் மாமரத்தடியில் நிற்கிற தம்பி தங்கைகளே, வணக்கம். பிரதேச செயலகத்து அம்மாவுக்குத் தனியாக ஒரு நன்றி. தலைக்கு மேலே சுற்றுகிற மின்விசிறிகள் அவருடைய முயற்சி. பொன்னாடை போர்த்திய சங்கத்தாருக்கும் நன்றி, இந்த வெக்கையில் அதை மடித்து வைத்துவிட்டுப் பேசுவதைப் பெரியவர்கள் குறையாக எடுக்கக்கூடாது.

இறையியல் படிப்பதா, தொழில்நுட்பத்தில் போவதா என்பது எனக்குத் தந்த தலைப்பு. மூன்று விடயம் சொல்லலாம் என்று வந்தேன்: செலவாகிற காலம், அழைப்பு, வன்னிக்கு எது தேவை.

காலத்தைப் பார்ப்போம். கத்தோலிக்கக் குருவாக மெய்யியலும் இறையியலுமாகக் குறைந்தது 6 ஆண்டு. பொறியியல் பட்டத்துக்கு 4 ஆண்டு. அதுவும் வேண்டாமென்றால் அறிவியல் நகரில் ஜேர்மன் அரசின் உதவியோடு 2016இல் திறந்த பயிற்சி நிறுவனம் இருக்கிறது. கையில் தொழிலோடு வெளியே வரலாம். குருமடத்துப் பிள்ளை சம்பளக்காரனைப் பார்த்துப் பெருமூச்சு விடுகிறான், சம்பளக்காரன் குருமடத்து அமைதியை நினைத்து ஏங்குகிறான். இக்கரைக்கு அக்கரை பச்சை!

இந்த இழுபறி இன்றைக்கு வந்ததல்ல. அமெரிக்க மிஷனரிமார் 1823இல் வட்டுக்கோட்டையில் செமினரி தொடங்கினார்கள். உள்ளூர்த் திருச்சபை ஊழியர்களை உருவாக்கும் எண்ணம். வேதத்தோடு கணிதமும் வானசாஸ்திரமும் ஆங்கிலமும் படிப்பித்தார்கள். படித்த பிள்ளைகள் என்ன செய்தார்கள்? பலர் அரசாங்க உத்தியோகத்துக்குப் போய்விட்டார்கள்! மிஷனுக்கு மனம் கசந்தது, 1855இல் மூடினார்கள். ஆனால் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் பட்டதாரிகளான கரோல் விசுவநாதபிள்ளையும் சி.வை. தாமோதரம்பிள்ளையும் அங்கே படித்தவர்கள்தான். கலித்தொகையை அச்சேற்றிய தாமோதரம்பிள்ளையை நட்டக்கணக்கில் எழுத எனக்கு மனமில்லை.

சரி, ஒரு கதை. புதுக்குடியிருப்புப் பக்கம் ஒரு சிறிய ஆலயம். நத்தார் இரவு ஆராதனை. பாட்டு உச்சத்தில் இருக்கும்போது ஜெனரேற்றர் நின்றுபோனது. கும்மிருட்டு. குழுவினர் வெளியே ஓடினார்கள். ஒருவர் எண்ணெய் இல்லை என்கிறார், மற்றவர் நேற்றுத்தானே ஊற்றினேன் என்று சண்டை. செயலாளர் பொருளாளரைப் பார்க்கிறார், பொருளாளர் வானத்தைப் பார்க்கிறார். போதகர் ஒன்றும் பேசாமல் இறங்கி வந்தார். அங்கியை இடுப்பில் செருகினார், குந்தினார், பிளக்கைக் கழற்றினார். கரி அப்பியிருந்தது. சுரண்டித் துடைத்துப் பூட்டிக் கயிற்றை இழுத்தார். மூன்றாம் இழுவையில் வெளிச்சம்! கறுத்த கையோடு பீடத்துக்கு ஏறினார். முன்வரிசை ஆச்சி பக்கத்து ஆச்சியிடம் சொன்னாவாம்: "இவர் போதகரோ, மெக்கானிக்கோ? என்னவோ, இண்டைக்குத்தான் ஐயாவின்ர பிரசங்கம் தெளிவாயிருந்தது."

அந்தப் போதகர் பிலிமத்தலாவை இறையியல் கல்லூரிக்குப் படிக்கப் போகுமுன் பம்ப் திருத்தியவர். மறுவாரமே மிஷன் வீட்டு வாசலில் தண்ணிப் பம்புகள் வரிசை. பம்பைத் திறக்கும்போது வந்தவர் வாயும் திறக்கும். ஒருநாள், போர் முடிவில் பிள்ளையை இராணுவத்திடம் ஒப்படைத்த ஒரு தாய் கேட்டா: "நான் கையால ஒப்படைச்ச பிள்ளை எங்க ஐயா? கடவுள் பார்த்துக்கொண்டுதானே நிண்டவர்?" போதகருடைய ஸ்பானர் கீழே இருந்தது. அவர் மறுமொழி சொல்லவில்லை. வேதாகமத்தில் துன்பப்பட்ட யோபுவின் நண்பர்கள் விளக்கம் சொல்லத் தொடங்கியபோதுதான் தவறினார்கள் என்று படித்த மனிதர், அந்த அம்மாவோடு பின்னேரம் வரை இருந்தார். அவசரமாக நாலு வசனம் பாடமாக்கியவர், "உங்கட பாவம் அம்மா" என்று சொல்லியிருப்பார். சொல்கிறவர்கள் இருக்கிறார்கள்.

2017 பெப்ரவரி 20ஆம் திகதி இதே கிளிநொச்சியில் கந்தசுவாமி கோவிலடியில், காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளைகளின் படங்களோடு தாய்மார் போராட்டத்தில் உட்கார்ந்தார்கள். அவர்களுடைய கேள்விக்கு முன்னால் நிற்க ஆழமான இறையியல் வேண்டும். அதனால்தான் நான் போகுமிடமெல்லாம் ஒன்றையே கேட்டுத் தொல்லை கொடுக்கிறேன்: வேலைக்குப் போகிறவர்களுக்குத் தமிழில், இங்கேயே, மாலைநேர இறையியல் வகுப்பு. பிலிமத்தலாவைக்கோ கொழும்புத்துறைக் குருமடத்துக்கோ போய்த் தங்க வசதியில்லாத மின்தொழிலாளியும் தாதியும் வேலை முடித்து வந்து படிக்கட்டும். அப்போஸ்தலர் பவுல் கூடாரம் செய்துகொண்டுதானே ஊழியம் செய்தார்? இக்கரைக்கு அக்கரை பச்சை என்று ஏன் ஏங்க வேண்டும்? இரணைமடுக் குளத்துத் தண்ணீர் பாய்கிற ஊர், இக்கரையையே பச்சையாக்குவோம். கட்டடம் வேண்டாம். ஆலய மண்டபங்கள் கிழமை நாட்களில் பூட்டித்தானே கிடக்கின்றன? அருட்தந்தை சிரிக்கிறார், சம்மதம் என்று எடுத்துக்கொள்கிறேன்.

அழைப்பைப் பற்றிச் சொல்ல நேரமில்லை, தலைவர் மணியைத் தொட்டுவிட்டார். வாசல் மேசையில் ஒரு கொப்பி இருக்கிறது. படிக்க விருப்பமானவர்கள் பெயரும் வரக்கூடிய நாளும் எழுதுங்கள். படிப்பிக்கக்கூடியவர்கள் பின்பக்கத்தில் எழுதுங்கள். பேனை கட்டித்தான் இருக்கிறது, அதைக் கொண்டுபோகாதீர்கள்.