பதினான்கு நாள் தவணை

நேயர்கள் அனைவருக்கும் வணக்கம்.

சாட்ஸ்வொர்த்தில் வெள்ளியும் சனியும் கூடுகிற பங்களாதேஷ் சந்தையைத் தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகர நேயர்களில் பெரும்பாலோர் அறிவீர்கள். சில நாள்களுக்கு முன் ஒரு சனிக்கிழமை, பதினொரு வயதான என் பேத்தியோடு அங்கே காய்கறி வாங்கப் போயிருந்தேன். கறிவேப்பிலையும் மதும்பி என்னும் சேப்பங்கிழங்கும் விற்கிற அம்மையாரின் மேசைக்கு அடியில், வாழைப்பழப் பெட்டியின் ஓரத்தைக் கடித்தபடி ஒரு நாய்க்குட்டி உட்கார்ந்திருந்தது. தாயைக் காணோம் என்றும், சில வாரங்களாக அது அங்கேயே சுற்றிக்கொண்டிருக்கிறது என்றும் அந்த அம்மையார் சொன்னார். "தாத்தா, வீட்டுக்குக் கொண்டுபோகலாமா?" என்று பேத்தி கேட்டாள். "கொண்டுபோகலாம், வைத்துக்கொள்வதா இல்லையா என்பதைப் பதினான்கு நாள் கழித்துச் சொல்கிறேன்" என்றேன். அந்தப் பதிலை ஏன் சொன்னேன் என்பதை விளக்கவே இன்று உங்கள் முன் பேசுகிறேன்.

எங்கள் வீட்டில் ஏற்கெனவே ஒரு நாய் இருக்கிறது. பெயர் ராணி, வயது ஒன்பது, இடுப்பு மூட்டில் வலி உண்டு, குரங்குகள் கூரையில் ஏறினால் மட்டும் அந்த வலி மறந்துபோகும். வீட்டில் நாய் இருக்கும்போது தெருவில் ஒரு குட்டியைப் பார்க்கிறவர், அதைக் காப்பாற்றுவதையும் வளர்ப்பதையும் ஒரே முடிவாக நினைத்துக்கொள்கிறார். அவை இரண்டு வேறு முடிவுகள். பசித்திருக்கும் குட்டிக்கு அன்று மாலையே உணவும் இடமும் மருத்துவமும் தரவேண்டும், அதில் யோசிக்க ஒன்றுமில்லை. ஆனால் அடுத்த பன்னிரண்டு அல்லது பதினைந்து ஆண்டுகளுக்கு அதை நம் வீட்டு நாயாக வைத்திருப்பதா என்பதை, அது நம் மடியில் உறங்கிக்கொண்டிருக்கும் அந்த மாலையில் முடிவு செய்வது சரியன்று. இரண்டையும் பிரித்துவிட்டால் இரக்கமும் கெடாது, நிதானமும் கெடாது.

இதை நான் புத்திசாலித்தனத்தால் கற்றுக்கொள்ளவில்லை. ஏறக்குறைய இருபது ஆண்டுகளுக்கு முன், கரும்புத் தோட்டத்து ஓரத்தில் கிடைத்த ஒரு குட்டியைக் கொண்டுவந்து, வீட்டில் இருந்த ஐந்து மாதக் குட்டியோடு அன்றே ஒரே தட்டில் உண்ணவிட்டேன். வீட்டுக் குட்டிக்குத் தடுப்பூசி முழுமையாகப் போட்டிருக்கவில்லை. அடுத்த மாதம் போடலாம் என்று தள்ளிவைத்திருந்தேன். ஐந்தாம் நாள் புதிய குட்டி வாந்தி எடுத்தது, பிறகு இரத்தம் கலந்த கழிச்சல் கண்டது. ஒரு வாரம் கழித்து மற்றதும் படுத்தது. பார்வோ என்றார் மருத்துவர். இரண்டையும் ஒரே வாரத்தில் மாமரத்தடியில் புதைத்தேன். பார்வோ நச்சுயிரி மண்ணில் பல மாதங்கள், சில இடங்களில் ஓராண்டுக்கு மேலும் உயிரோடிருக்கும் என்பதால், அதன் பிறகு வெகுநாள் எங்கள் முற்றத்தில் எந்தக் குட்டியையும் விட எனக்குத் துணிவு வரவில்லை.

ஆகவே இந்த முறை, பின்புறத்தில் துணி துவைக்கும் சிறிய அறையைக் குட்டிக்கு ஒதுக்கினோம். அங்கே போக ஒரு தனிச் செருப்பு, அதற்கென்றே ஒரு தட்டு, ஒரு பழைய போர்வை. முதலில் ராணிக்கு உணவு வைத்துவிட்டுப் பிறகே குட்டியிடம் போவோம். குட்டியிடமிருந்து நேராக ராணியிடம் வரமாட்டோம். தரையைச் சோப்பு நீரால் கழுவினால் மட்டும் பார்வோ போகாது. நம் வீடுகளில் ஜிக் என்று சொல்லுகிற வெளுப்பு நீரை, முப்பது பங்கு தண்ணீருக்கு ஒரு பங்காகக் கலந்து, பத்து நிமிடம் ஊறவிட்டுக் கழுவவேண்டும். பார்வோ பெரும்பாலும் ஒரு வாரத்துக்குள்ளும், டிஸ்டெம்பர் என்னும் மற்றொரு நாய்த் தொற்றுநோய் ஒன்றிரண்டு வாரங்களிலும் தலைகாட்டிவிடும் என்பதால்தான் பதினான்கு நாள் என்ற கணக்கு.

மறுநாள் காலை குட்டியை வெயிலில் வைத்துப் பார்த்தேன். பால் பற்கள் எல்லாம் ஊசிபோல முளைத்திருந்தன. எனவே வயது எட்டு வாரம் அளவில் இருக்கும். விலா எலும்பு தெரிய, வயிறு மட்டும் பானைபோல உப்பியிருந்தது. அது புழுவின் அடையாளம். காது மடல்களுக்குள்ளும் கால் விரல்களுக்கு இடையிலும் உண்ணிகள். எண்ணத் தொடங்கி நாற்பதில் நிறுத்திவிட்டேன். இந்த நாட்டில் உண்ணியைச் சாதாரணமாக எண்ணக்கூடாது. பிலியரி என்று நாம் சொல்லும் நோய் அதன் வழியாகத்தான் நாய்க்கு வருகிறது. குட்டி சோர்ந்து, ஈறு வெளுத்து அல்லது மஞ்சளாகி, சிறுநீர் கருஞ்சிவப்பாகப் போனால் ஒரு நாள்கூடத் தாமதிக்காமல் மருத்துவரிடம் போகவேண்டும். தொடக்கத்திலேயே மருந்து கொடுத்தால் பெரும்பாலும் பிழைத்துவிடும். எங்கள் குட்டியின் ஈறு இதுவரை இளஞ்சிவப்பாகவே இருக்கிறது. காலையும் மாலையும் உதட்டைத் தூக்கிப் பார்ப்பது பேத்தியின் வேலை. பார்த்து முடித்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவவேண்டும் என்பதும் அந்த வேலையில் அடக்கம், ஏனெனில் குட்டியின் உருண்டைப் புழு முட்டைகள் குழந்தைகள் வயிற்றுக்குள் போனால் கண்பார்வையைக்கூடக் கெடுத்துவிடும்.

உணவைப் பற்றி ஒரு சொல். பசும்பால் கொடுக்கவேண்டாம், கழிச்சல் உண்டாகும். வெறும் சோளக் கூழும் போதாது. குட்டிகளுக்கான உலர் தீவனத்தை வெந்நீரில் ஊறவைத்து நாளுக்கு நான்கு முறை கொடுக்கிறோம். இது புரட்டாசி மாதமாதலால் வீட்டில் மீன், இறைச்சி இல்லை. நாய்க்கு என்ன செய்வது என்று இந்த மாதத்தில் பலர் என்னைக் கேட்பதுண்டு. விரதம் நம்முடையதே ஒழிய நாயுடையதன்று. பைத் தீவனத்தை அது முற்றத்தில் உண்டால் நம் விரதத்துக்கு ஒரு குறையும் வந்துவிடாது.

இனி, எல்லாவற்றிலும் பெரிய விஷயம். நம் குவாசூலு நட்டால் மாகாணத்தில் 1976 முதல் ரேபிஸ் என்னும் வெறிநாய்க்கடி நோய் நாய்களிடையே நிலைத்துவிட்டது. ஊர் பேர் தெரியாத குட்டியைக் கையில் எடுக்கும்போது இதை மறக்கக்கூடாது. நோய் தொற்றிய விலங்குக்கு அறிகுறி தெரியச் சில வாரங்கள் முதல் சில மாதங்கள் வரை ஆகலாம். அதாவது நான் சொல்லுகிற பதினான்கு நாள் தவணை ரேபிஸுக்குப் போதாது. தடுப்பூசி போட்ட பிறகும் சில மாதங்கள் குட்டியின் நடத்தையைக் கவனித்துவரவேண்டும். காரணமில்லாமல் கடிப்பது, குரல் மாறுவது, விழுங்க முடியாமல் எச்சில் வடிப்பது, நடை தள்ளாடுவது ஆகியவற்றில் எதைக் கண்டாலும் தொடாமல் அடைத்துவைத்து, அரசு கால்நடை மருத்துவருக்குத் தெரிவிக்கவேண்டும். குட்டி விளையாட்டாகக் கீறினாலும் சரி, பல் பட்டு இரத்தம் வந்தாலும் சரி, ஓடும் நீரில் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிடம் கழுவி, அன்றே மருத்துவ நிலையத்துக்குப் போய் ஊசி போட்டுக்கொள்ளுங்கள். மஞ்சள் வைத்துக் கட்டுவது, நாளைக்குப் பார்க்கலாம் என்று இருப்பது இரண்டும் ஆபத்து. மனிதருக்கு அறிகுறி தோன்றிவிட்டால் பிறகு காப்பாற்றுவது ஏறக்குறைய இயலாத காரியம். நாய்க்குத் தடுப்பூசி போடுவது இந்த நாட்டில் சட்டப்படி கட்டாயம்: மூன்று மாதத்தில் ஒன்று, அதிலிருந்து ஓராண்டுக்குள் மற்றொன்று, பிறகு மூன்றாண்டுக்கு ஒருமுறை. மருத்துவர் முன்னதாகவே போடச் சொன்னால் போட்டுவிடுங்கள். உலக ரேபிஸ் நாளான செப்டம்பர் 28 இந்தப் புரட்டாசியில்தான் வருகிறது.

உடல்நலம் தேறியபின் எழும் கேள்வி, இரண்டாவது நாய் யாருக்காக என்பது. "முதல் நாய்க்குத் துணையாக இருக்கும்" என்று பலரும் சொல்வார்கள். சில நாய்களுக்கு அது உண்மைதான். ஆனால் யாரும் நடைக்கு அழைத்துப் போகாததால் சலித்துக் கிடக்கிற நாய்க்குத் துணை தேடினால், அந்த வீட்டில் சலித்துக் கிடக்கிற நாய் இரண்டாகுமே தவிர வேறொன்றும் நடவாது. ஒன்பது வயது நாய் பகலில் பெரும்பாலும் உறங்க விரும்பும். எட்டு வாரக் குட்டியோ வாலைப் பிடித்து இழுக்கும். மேலும் எங்கள் குட்டி பெண், ராணியும் பெண். ஆணும் பெண்ணுமாக இருப்பதைவிட இரண்டு பெண் நாய்கள் சேர்ந்து வாழ்வது கடினம் என்பதையும், குட்டி வளர்ந்து ஒன்றரை இரண்டு வயதாகும்போதுதான் சண்டை வெளிப்படும் என்பதையும் பல வீடுகளில் பார்த்திருக்கிறேன்.

ராணி முதல் மூன்று நாள் அந்த அறைக் கதவுக்கு முன் நின்று, முதுகு மயிர் சிலிர்க்க உறுமியது. உறுமுகிற நாயை அடிக்கவேண்டாம். உறுமல் அதன் பேச்சு. அதை அடக்கிவிட்டால் அடுத்த முறை பேசாமல் கடிக்கும். தவணை முடிந்ததும் இரண்டையும் எங்கள் முற்றத்தில் சந்திக்கவைக்கப் போவதில்லை, ஏனெனில் அது ராணியின் இடம். தடுப்பூசி முடியாத குட்டியைத் தெருவில் நடக்கவிடவும் கூடாது. நாய் வளர்க்காத பக்கத்து வீட்டார் தம் முற்றத்தைத் தர இசைந்திருக்கிறார்கள். இரண்டுக்கும் கயிறு கட்டி, நல்ல இடைவெளி விட்டு, ஒரே திசையில் நடத்திப் பார்ப்போம். ராணி முகத்தைத் திருப்பிக்கொண்டு தன் வழியே நடந்தால் நல்ல குறி. உடல் விறைத்து, வாய் மூடி, பார்வை அகலாமல் நின்றால் அங்கேயே நிறுத்திவிடுவோம்.

அந்த வீட்டாரைக் குறிப்பிட்டதால் இதையும் சொல்லவேண்டும்: நம்மில் பலர் ஒரு சுவரைப் பகிர்ந்துகொள்ளும் வீடுகளில் வாழ்கிறோம். குரங்கைக் கண்டு ஒரு நாய் குரைப்பதைப் பொறுத்துக்கொள்ளும் அண்டை வீட்டார், இரண்டு குரைப்பதையும் பொறுப்பார்களா என்று கேட்டுவிடுவது நல்லது. எத்தனை நாய் வைக்கலாம் என்பதற்கு நகராட்சி விதி உண்டா என்று விசாரியுங்கள். வாடகை வீடானால் உரிமையாளரையும் கேளுங்கள். வீட்டுக் கணக்கையும் பாருங்கள். தடுப்பூசி, புழு மருந்து, உண்ணி மருந்து, ஐந்தாறு மாதத்தில் கருத்தடை அறுவை என எல்லாம் இரண்டு மடங்கு. கருத்தடையைத் தள்ளிப்போடவே கூடாது. நாயின் கர்ப்பகாலம் ஏறக்குறைய 63 நாள்தான். சந்தை மேசைக்கு அடியில் நாம் காணும் குட்டிகளில் பல, யாரோ ஒருவர் வீட்டில் அடுத்த மாதம் என்று தள்ளிவைத்த அறுவையிலிருந்து வந்தவை. எனக்கு வயது அறுபத்தேழு. குட்டிக்குப் பதின்மூன்று ஆகும்போது எனக்கு எண்பது. அப்போது அதை யார் நடத்திச் செல்வார் என்று என் மகனிடம் கேட்டிருக்கிறேன், பதில் இன்னும் வரவில்லை.

ஒத்துவராவிட்டால்? வேறொரு வீடு தேடுவோம், அல்லது எஸ்.பி.சி.ஏ. போன்ற விலங்கு நல அமைப்பிடம் ஒப்படைப்போம். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. பிடித்த இடத்திலேயே கொண்டுபோய் விட்டுவருவதுதான் தவறு; 1962ஆம் ஆண்டின் 71ஆம் எண் விலங்குகள் பாதுகாப்புச் சட்டப்படி அது குற்றமும்கூட. தீபாவளி வேறு நெருங்குகிறது. வெடிச் சத்தத்தில் மிரண்டு ஓடிவரும் நாய்கள் அப்போது நம் வாசலுக்கு வரும். அவற்றுக்கு வீடு இருக்கக்கூடும். எனவே முதலில் மருத்துவரிடம் கொண்டுபோய்த் தோலுக்கடியில், உரிமையாளரைக் கண்டறிய உதவும் மைக்ரோசிப் இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள்.

எங்கள் குட்டி வந்து இன்றோடு ஒன்பது நாள். பேத்தி நாள்காட்டியில் பதினான்கு கட்டம் வரைந்து, ஒன்பதை அடித்திருக்கிறாள். பெயர் வைக்கக்கூடாது என்று சொல்லியிருந்தேன். வைத்துவிட்டாள் என்று எனக்குத் தெரியும், நான் கேட்காதபோது மெல்லக் கூப்பிடுகிறாள். நேற்று மாலை ராணி உறுமவில்லை. அந்த அறைக் கதவுக்கு இந்தப் பக்கம், கதவில் முதுகைச் சாய்த்துப் படுத்துக்கொண்டது. அது இணக்கத்தின் அடையாளமா என்று எனக்கு நிச்சயமாகத் தெரியவில்லை. நேற்று வெயில் கடுமையாக இருந்தது, அங்கே சிமெண்டுத் தரை குளிர்ச்சியாகவும் இருக்கும்.

வணக்கம்.