வேலை கெடுவது கேட்காததால்தான்!

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, வேலை முடிந்து வீட்டுக்குப் போகாமல் இங்கே வந்து உட்கார்ந்திருக்கும் அவையோரே, எல்லாருக்கும் வணக்கம்.

'பணியிடத்தில் வேலை கெடுவது பேசாததாலா, கேட்காததாலா?' என்று தலைப்புக் கொடுத்திருக்கிறீர்கள். கேட்காததால்தான் என்று சொல்ல வந்திருக்கிறேன். எனக்கு முன்னால் எதிரணித் தலைவி பத்து நிமிஷம் பேசினார், நான் முழுசாகக் கேட்டேன். எங்கள் அணிக்காரர் பேசியபோது அவர் தன் குறிப்பைத் திருத்திக்கொண்டிருந்தார். அதை நடுவரும் பார்த்திருப்பீர்கள், சரி, போகட்டும்.

அவர் என்ன சொன்னார்? மனசில் இருப்பதைச் சொன்னால்தானே அடுத்தவருக்குத் தெரியும்? கூட்டத்தில் தலையாட்டிவிட்டு வெளியே வந்து புலம்புகிறார்கள், ஆலோசனைப் பெட்டி வைத்தாலும் ஒரு சீட்டு விழுவதில்லை என்றார். அம்மா, அந்தப் பெட்டியிலிருந்தே ஆரம்பிக்கிறேன். நான் முன்பு வேலை பார்த்த ஓரிடத்தில் மாடிப்படி ஓரமாக அப்படி ஒரு பெட்டி தொங்கியது. முதல் மாதம் நானே மூன்று சீட்டு போட்டேன். மூன்றிலும் ஒரே விஷயம்தான்: பிரிண்டரை மேல்தளத்துக்கு மாற்றாதீர்கள், அதை அதிகம் பயன்படுத்துபவர்கள் கீழே இருக்கிறார்கள். பதில் வரவில்லை, பிரிண்டர் மேலே போனது. இரண்டு வருஷம் கழித்துப் பெட்டியைத் திறக்கலாம் என்றபோது சாவி யாரிடம் இருக்கிறது என்று யாருக்கும் தெரியவில்லை. பூட்டை உடைத்துப் பார்த்தால் மேலே முழுக்க மிட்டாய்த் தாள், அடியில் என் மூன்று சீட்டும் மடித்தது மடித்தபடி. எங்கள் மேலாளர் ஒரு பெருமூச்சு விட்டுச் சொன்னார்: "பாருங்க, இந்த ஆபீஸ்ல ஒருத்தரும் எதையும் எழுதிப் போடறதே இல்ல."

எதிரணி காட்டுகிற மௌனம் பிறவி மௌனம் கிடையாது, நடுவர் அவர்களே. பேசிப் பார்த்து, எடுபடாமல், பிறகு வந்து ஒட்டிக்கொண்டது.

பெட்டிக் கதை சிரிப்பதற்கு. இன்னொன்று சொல்கிறேன், அதில் சிரிக்க எதுவும் இல்லை. 1986 ஜனவரி 27 இரவு. மறுநாள் காலை சேலஞ்சர் விண்வெளி ஓடம் கிளம்ப வேண்டும், ஏவுதளத்தில் கடுங்குளிர். பூஸ்டர் ராக்கெட்டைச் செய்து கொடுத்த மார்ட்டன் தயாக்கால் நிறுவனத்தின் பொறியாளர்கள் தொலைபேசி வழியே நாசாவோடு கூட்டம் போட்டார்கள். ராக்கெட் துண்டுகள் சேரும் மூட்டில் ஓ-வளையம் என்று ஒரு ரப்பர் வளையம் இருக்கும். குளிரில் அது விறைத்துக்கொண்டால் மூட்டு சரியாக அடைபடாது, சூடான வாயு கசியும். அதனால் 53 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்குக் கீழே ஏவ வேண்டாம் என்று எழுதியே காட்டினார்கள். ரோஜர் பாய்ஸ்ஜாலி என்ற பொறியாளரோ 1985 ஜூலையிலேயே, இதைக் கவனிக்காவிட்டால் உயிர் போகும் என்று மேலிடத்துக்குக் குறிப்பு அனுப்பியிருந்தார். பேசவில்லை என்று யாராவது சொல்ல முடியுமா?

நாசா தரப்புக்கு அது பிடிக்கவில்லை. ஐந்து நிமிஷம் நாங்கள் தனியாகப் பேசிக்கொள்கிறோம் என்றது நிறுவனம். அந்த ஐந்து நிமிஷம் அரை மணி நேரமாக இழுத்தது. அந்த அறைக்குள் கொஞ்சம் போய்ப் பாருங்கள். ஆர்னி தாம்சன் என்ற பொறியாளர் தன் இடத்தை விட்டு எழுந்து, நிர்வாகிகள் உட்கார்ந்திருக்கும் பக்கம் நடந்து போய், தாளை வைத்து மூட்டின் படத்தை வரைந்து விளக்குகிறார். எதிரே இருக்கும் முகங்களைப் பார்க்கிறார். ஏறவில்லை என்று புரிகிறது, நிறுத்திவிடுகிறார். அடுத்து பாய்ஸ்ஜாலி, முந்தைய ஏவலில் கசிந்த வாயு விட்டுப்போன கரியின் புகைப்படங்களை எடுத்து நீட்டுகிறார். அதே முகங்கள்தான். விசாரணைக் குழு முன்னால் பாய்ஸ்ஜாலியே சொன்னது இது. கடைசியில் மூத்த நிர்வாகி ஒருவர் பொறியியல் துணைத் தலைவரைப் பார்த்து, பொறியாளர் தொப்பியைக் கழற்றிவிட்டு நிர்வாகத் தொப்பியைப் போட்டுக்கொள் என்றார். நான்கு நிர்வாகிகள் முடிவெடுத்தார்கள். மறுநாள் கிளம்பிய ஓடம் 73 விநாடிகளில் சிதறியது. உள்ளே 7 பேர்.

தாம்சன் நிறுத்தினாரே, அந்த நிமிஷத்தில் கதவைத் திறந்துகொண்டு எதிரணித் தலைவி உள்ளே வந்திருந்தால் என்ன எழுதிக்கொண்டிருப்பார்? 'பொறியாளர் வாயைத் திறக்கவில்லை' என்றுதானே?

1990இல் நியூயார்க் அருகே எரிபொருள் தீர்ந்து விழுந்த அவியாங்கா விமானத்தையும் அவர் சொன்னார். 73 பேர் இறந்தார்கள், 'அவசரநிலை' என்ற சொல்லை விமானிகள் தரைக் கட்டுப்பாட்டு அறையிடம் கடைசி வரை சொல்லவில்லை என்றார். உண்மை. விசாரணை அறிக்கையே அதைக் குற்றமாகச் சொல்கிறது, நான் மழுப்பவில்லை. ஆனால் அந்த உரையாடலில் ஒரு வரியை அவர் விட்டுவிட்டார். எரிபொருள் தீர்ந்துகொண்டிருக்கிறது என்று துணை விமானி சொன்னார். அதற்குக் கட்டுப்பாட்டு அறையிலிருந்து வந்த பதில், 'ஓகே'. கூடவே எந்தத் திசையில் பறப்பது என்று ஓர் உத்தரவு. ஓகே என்றால் என்ன அர்த்தம், நடுவர் அவர்களே? காதில் விழுந்தது என்றா, மண்டையில் ஏறியது என்றா? நம் ஆபீஸ் வாட்ஸ்அப் குழுவில் விழுகிற கட்டைவிரல்களுக்கும் இதே சந்தேகம்தான்.

1977 மார்ச் 27, ஸ்பெயினின் டெனெரிஃப் தீவு விமான நிலையத்தில் மூடுபனி. ஓடுபாதையில் இரண்டு ஜம்போ ஜெட். கேஎல்எம் விமானம் ஓடத் தொடங்கிய பிறகு, பான் ஆம் விமானம் இன்னும் பாதையை விட்டு விலகவில்லையா என்று கேஎல்எம் விமானத்துக்குள் இருந்த விமானப் பொறியாளர் கேட்டார். விலகிவிட்டது என்று தலைமை விமானி அடித்துச் சொன்னார். இரண்டு விமானமும் மோதின, 583 பேர் இறந்தார்கள். பதவியில் கீழே இருந்தவர் கேட்டேவிட்டார், மேலே இருந்தவர் காதில் வாங்கவில்லை.

அதற்குப் பிறகு விமானத் துறை என்ன செய்தது என்பதுதான் எனக்கு முக்கியம். எல்லாரும் தைரியமாகப் பேசுங்கள் என்று சுவரொட்டி ஒட்டியதோடு விடவில்லை. வெறும் ஓகே செல்லாது, வந்த உத்தரவைத் திருப்பிச் சொல்ல வேண்டும், திருப்பிச் சொன்னதைக் கொடுத்தவர் கவனித்துச் சரிபார்க்க வேண்டும் என்ற பழக்கத்தை இறுக்கினார்கள். கேட்பதையே வேலையாக்கினார்கள். டொயோட்டா ஆலையிலும் இதே கதைதான். கோளாறைப் பார்த்த தொழிலாளி தலைக்கு மேலே இருக்கும் கயிற்றை இழுக்கலாம். எல்லாரும் கயிற்றைத்தான் புகழ்வார்கள். இழுத்ததும் குழுத் தலைவர் ஓடி வருகிறாரே, அவர் வராவிட்டால் அது துணி காயப்போடுகிற கொடி.

நம் கூட்டங்களில் என்ன நடக்கிறது? ஐம்பத்தெட்டு நிமிஷம் மேலாளர் பேசுவார். மடிக்கணினியை மூடிக்கொண்டே, "ஏதாவது சந்தேகம் இருக்கா?" என்பார். அந்த மூடி விழுகிற சத்தத்திலேயே பதில் இருக்கிறது. "என் அறைக்கதவு எப்பவும் திறந்திருக்கும்" என்பார் இன்னொருவர். கதவு திறந்துதான் இருக்கிறது ஐயா, உள்ளே நீங்கள் போனைப் பார்த்துக்கொண்டு "சொல்லுங்க, கேட்டுட்டுதான் இருக்கேன்" என்கிறீர்கள்.

மணி அடித்துவிட்டீர்கள். நான் கேட்கிறவன், நிறுத்துகிறேன். அடுத்து எதிரணித் தலைவி பதில் சொல்ல எழுந்திருப்பார். தொடங்கும் முன் நான் பேசியதில் ஒரே ஒரு விஷயத்தைத் திருப்பிச் சொல்லச் சொல்லுங்கள். சரியாகச் சொல்லிவிட்டால், கேட்டதால்தான் சொல்ல முடிந்தது என்று எங்கள் கணக்கில் எழுதிக்கொள்ளுங்கள், நடுவர் அவர்களே. சொல்ல முடியாவிட்டால், அதையும் எங்கள் கணக்கிலேயே எழுதிவிடுங்கள். வணக்கம்.